பதினாறு பெறச் சொல்கிறவர்கள்

சென்ற வைகாசியில் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து, பந்திக்குப் போகலாம் என்று எழுந்தவர்களை ஒலிபெருக்கி மறுபடியும் உட்கார வைத்துவிட்டது. வாழ்த்துரை! ஜாதிச் சங்கத்துப் பிரமுகர் ஒருவர் எழுந்தார். இரண்டு பேரை ‘நன்றாக இருங்கள்’ என்று வாழ்த்த அவருக்கு நாற்பது நிமிஷம் தேவைப்பட்டது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நம் ஜனம் குறைந்துகொண்டே வருகிறது. நம் பெண்கள் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பண்பாடு கெட்டுவிட்டது. நம் பாட்டிமார்கள் பத்துப் பெற்றார்கள், பன்னிரண்டு பெற்றார்கள், யாராவது அலுத்துக்கொண்டார்களா? தலை எண்ணிக்கை இல்லாவிட்டால் நாளைக்கு நம்மை மதிக்க நாதி இருக்காது. ஆகவே இந்த மணமகள் பதினாறு பெறாவிட்டாலும் நாலாவது பெற்று இனத்தைக் காப்பாற்ற வேண்டும்.

கைதட்டல் பலமாக இருந்தது. மேடையில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். பதினோரு பேர், பதினோரு பேரும் ஆண்கள். இனத்தைக் காப்பாற்றும் பொறுப்பு யார் தலையில் வைக்கப்பட்டதோ அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பந்தியில் என் தங்கை பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் இருந்த தூரத்து உறவுப் பெரியவர் ஒருவர், பேச்சின் சூடு ஆறுவதற்குள் அவளைப் பிடித்துக்கொண்டார். “நீயும் ஒண்ணோட நிறுத்திட்டியேம்மா!” என்றார். அவள் பாயசத்திலிருந்து தலையை நிமிர்த்தி, “பெத்துக்கலாம் மாமா. ரெண்டாவதை நீங்க மெட்ராஸுக்கு வந்து பார்த்துக்கிடுவீங்களா?” என்று கேட்டாள். பெரியவர் அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

இதை ஒரு கலியாண வீட்டு வம்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இதே பேச்சு இப்போது பெரிய மேடைகளிலும் கேட்கிறது. 2024 அக்டோபரில் தெற்கே இரண்டு முதலமைச்சர்கள், ஒருவர் மெய்யாகவும் மற்றவர் பாதி வேடிக்கையாகவும், பிள்ளை அதிகம் பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994இல் சட்டம் செய்த ஆந்திரம், 2024 நவம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கியது. முப்பது வருஷம் ‘பெறாதே’ என்ற குரல். இப்போது ‘பெறு’ என்கிற குரல். இரண்டு குரலும் ஒரே திசையிலிருந்துதான் வருகின்றன. ஒரே ஆளைப் பார்த்துத்தான் பேசுகின்றன.

நான் பட்டம் வாங்கும் அளவுக்குப் படித்தவன் அல்லன். கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டு வந்தவன்; கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் குடும்பங்களைப் பார்ப்பதுதான் தொழில். சமூக இயல் புத்தகங்களின் முதல் பாடத்தில் மூன்று வார்த்தைகள் வரும்: சமூக அமைப்பு, பண்பாடு, ஜனத்தொகை மாற்றம். அந்தப் பிரமுகர் நாற்பது நிமிஷமும் பேசியது இந்த மூன்றையும் பற்றித்தான். மூன்றையும் குழப்பிவிட்டுத்தான் பேசினார். அந்தக் குழப்பத்தில் பழி ஒரு பெண்ணின் மேல் விழுகிறது என்பதால்தான் நான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

நிலம் யார் கையில் இருக்கிறது, கூலி யார் கையில் வருகிறது, பிள்ளையை யார் வளர்க்கிறார்கள், கிழவனுக்கு யார் கஞ்சி ஊற்றுகிறார்கள், யார் யாருக்கு அடங்கியவர் - இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் அமைப்பு. எது அழகு, எது பாவம், எது வெட்கம், எது கடமை என்று அந்த ஏற்பாட்டுக்குள் வாழ்கிறவர்கள் மனசில் ஊறிப்போயிருப்பது பண்பாடு. பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு என்ற மூன்று வாசல்கள் வழியாக ஜனங்களின் கணக்கு கூடுவதும் குறைவதும் ஜனத்தொகை மாற்றம். பண்பாடு கெட்டதால் பிறப்புக் குறைந்தது என்பது பிரமுகரின் கட்சி. அமைப்பு மாறியதால் பிறப்புக் குறைந்தது. பண்பாடு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது என்பது என் கட்சி.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு ஒன்பது பிள்ளை. என் அம்மாவுக்கு மூன்று. என் தங்கைக்கு ஒன்று. ஆச்சியிடம் யாராவது “எத்தனை பிள்ளை?” என்று கேட்டால் அவள் ஒரே எண்ணில் பதில் சொல்லமாட்டாள். “பெத்தது ஒம்போது, வச்சிருக்கது அஞ்சு” என்பாள். இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் சொல்லுவாள். நாலு குழந்தைகளை வாரிக் கொடுத்தவளின் கணக்கு அது. பாட்டிமார்கள் பத்துப் பெற்றதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணை ஏன் சொல்லுவதில்லை? 1951ஐ ஒட்டிய காலத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வயது. அதற்கு அர்த்தம் எல்லாரும் முப்பத்திரண்டில் செத்தார்கள் என்பதல்ல. தொட்டிலிலேயே ஏராளமான பேர் செத்தார்கள் என்பது. பத்துப் பெற்றது பண்பாட்டுச் செழிப்பால் அல்ல. ஐந்தாவது மிஞ்சவேண்டுமே என்ற பயத்தால்.

மிஞ்சிய பிள்ளைகள் என்ன செய்தன? என் பெரியப்பா எட்டு வயதில் ஆடு மேய்த்தார். அத்தை ஏழு வயதில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு களைக்கொட்டும் பிடித்தாள். அந்த வீட்டில் பிள்ளை என்பது வயிறு ஒன்று, கைகள் இரண்டு. பத்து வயதுக்குள் அது தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஜான் கால்டுவெல் என்று ஆஸ்திரேலிய அறிஞர் ஒருவர். நம் இடையன்குடி பிஷப் அல்லர், இவர் வேறு. 1976இல் அவர் ஒரு கருத்தை எடுத்துச் சொன்னார். குடும்பத்துக்குள் செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றவர்களை நோக்கி ஓடுகிற வரையில் ஜனங்கள் நிறையப் பெறுவார்கள். பெற்றவர்களிடமிருந்து பிள்ளையை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டால் குறைவாகப் பெறுவார்கள் என்றார். இதைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. என் பெரியப்பா எட்டு வயதில் சம்பாதித்தார். என் தங்கை மகனுக்கு எட்டு வயதாவதற்குள் அவள் கட்டிய பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கூட்டினால் எங்கள் ஆச்சி ஆயுளில் கண்ணால் கண்ட பணத்தைவிட அதிகம். இருபத்திரண்டு வயதுவரை அவனுக்குச் செலவு. அதற்குப் பிறகு அவன் எந்த ஊரில் இருப்பானோ! இதில் எங்கே வந்தது பண்பாட்டுச் சீரழிவு?

வீட்டுக் கணக்கு இப்படி என்றால் நாட்டுக் கணக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 1971இல் ஏறக்குறைய நான்கு. அந்த நூற்றாண்டு முடியும்போது இரண்டு. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020இல் 1.4. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும். ஆகவே இறக்கம் மெய்தான். ஆனால் இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பல பணக்காரர்களான பிறகு பிள்ளையைக் குறைத்துக்கொண்டன. நாம் பணக்காரர் ஆவதற்கு முன்பே குறைத்துக்கொண்டோம். எழுத்தறியாத தாய்மார்களும் குறைத்துக்கொண்டார்கள். எப்படி?

சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ பலகையும் கொஞ்சம் செய்திருக்கலாம். 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக்கிய முதல் தேசம் நம் தேசம்தான். ஆனால் பலகை வடக்கேயும் இருந்தது. அங்கே இவ்வளவு சீக்கிரம் குறையவில்லை. இங்கே ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. ஆடு மேய்த்த கை சிலேட்டைப் பிடித்தது. கிராமத்துக்குப் பஸ் வந்தது. பஸ்ஸில் ஏறிப் போகும் தூரத்தில் நர்ஸம்மாவும் ஆஸ்பத்திரியும் வந்தார்கள். பெற்ற பிள்ளை பிழைத்தது. பெண் வயதுக்கு வந்த பிறகும் படித்தாள், கலியாணம் தள்ளிப்போனது, மில்லுக்கும் ஆபீஸுக்கும் போனாள். இவற்றில் எதைத் தப்பு என்கிறார் பிரமுகர்? எதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சம்மதிப்பார்? தம் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்புவாரா? மாட்டார். காரணங்கள் எல்லாம் வேண்டும். காரியம் மட்டும் வேண்டாம். இதற்குப் பெயர் பண்பாட்டுப் பற்று அல்ல, கணக்குத் தெரியாமை.

‘நம் பண்பாடு’ என்று சொல்கிறார்களே, அதன் வயசைக் கேட்டால் பல சமயம் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஜாதிகளில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். பெண் வயலில் உழைத்தாள்; அவளை அனுப்புகிற வீட்டுக்கு நஷ்டம்; அதற்கு ஈடு. ஆண் பிள்ளை படித்து மாதச் சம்பளக்காரன் ஆனான். விலை திரும்பிவிட்டது. பரிசம் வரதட்சிணை ஆயிற்று. ஒன்றிரண்டு தலைமுறையில் நடந்த கதை இது. ஆனால் நூறு பவுன் கேட்கிறவன் ‘பரம்பரை வழக்கம்’ என்கிறான்! அமைப்பு மாறியது, பண்பாடு அதற்கு ஏற்ற சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, இது என் பாட்டன் சட்டை என்கிறது.

அந்தச் சட்டையில் ரத்தக்கறையும் இருக்கிறது. பிள்ளை குறைந்ததை நான் கொண்டாடவே செய்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிள்ளையின் எண்ணிக்கையைக் குறைத்த இதே தமிழ்நாடு, குறைந்த எண்ணிக்கைக்குள் ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசையைக் குறைக்கவில்லை. கள்ளிப்பால் கதைகள் நாம் அறியாதவை அல்ல. 1992இல் அரசாங்கமே ஒரு தொட்டிலைக் கட்டி, ‘கொல்லாதே, இதில் போட்டுவிட்டுப் போ’ என்று சொல்லவேண்டி வந்தது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் பையன்களுக்குப் பெண் குழந்தைகள் 943 பேர்தான். பண்பாடு கெட்டுவிட்டது என்று கூவுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்லிக் கூவட்டும், நானும் கூடச் சேர்ந்து கூவுகிறேன். பதினாறு பேறுகளைத்தான் நம் முன்னோர் பதினாறு என்று வாழ்த்தினார்கள். நன்மக்கள் அவற்றில் ஒன்று. வாழ்த்தைப் பிள்ளைக் கணக்காக்கிய நாம், அந்தக் கணக்கிலும் பெண்ணை எண்ணவில்லை.

ஆக்பர்ன் என்ற அமெரிக்கர் 1922இல் ஒரு புத்தகம் எழுதினார். கருவிகளும் தொழில்களும் வேகமாக மாறிவிடும். வழக்கங்களும் மனோபாவமும் மெதுவாகத்தான் பின்னால் வரும். இடையில் விழும் பள்ளத்தில் மனிதர்கள் அவதிப்படுவார்கள் என்பது அதன் முக்கியமான செய்தி. இந்தப் பள்ளம் எங்கே என்று தேட வேண்டாம். நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. பெண் வேலைக்குப் போக ஆரம்பித்து எத்தனையோ வருஷமாயிற்று. ஆண் அடுக்களைக்குள் போக ஆரம்பிக்கவில்லை. 2019இல் இந்தியா முழுவதும் எடுத்த நேரக் கணக்கு ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிஷம். வீட்டு வேலை செய்கிற ஆண் - அப்படி ஒருவன் அகப்பட்டால் - செலவிடுவது 97 நிமிஷம். என் தங்கை காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாள். அவள் புருஷன் நல்லவன், குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். காப்பி டம்ளரைக் கழுவவும் மாட்டான். அவளிடம் போய் ‘இன்னொன்று பெறு’ என்பதற்கு முன்னால் அவனிடம் போய் ‘டம்ளரைக் கழுவு’ என்று சொல்லுகிற தைரியம் எந்தப் பிரமுகருக்கு இருக்கிறது?

இந்தப் பள்ளத்தைத் தூர்க்காமல் பணத்தையும் பிரசாரத்தையும் கொட்டிய தேசங்கள் என்ன கண்டன? தென் கொரியா பெண்களைப் படிக்கவைத்தது; வேலைக்கு எடுத்தது; வீட்டு மருமகள் கடமையை மட்டும் பழையபடியே வைத்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு அரசாங்கம் கோடி கோடியாகக் கொடுத்தும் 2023இல் அங்கே சராசரி 0.72. நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் ‘இரண்டு போதும்’ என்று சுவரொட்டி ஒட்டியது. 1987இல் ‘முடிந்தால் மூன்று, அதற்கு மேலும்’ என்று மாற்றி ஒட்டியது. 2023இல் அங்கே சராசரி ஒன்றுக்கும் கீழே. சீனா 1980ஐ ஒட்டி ஒன்றுதான் என்றது. பிறகு இரண்டு பெறலாம் என்றது. 2021இல் மூன்று என்றது. 2022இலிருந்து அதன் ஜனத்தொகையே இறங்கத் தொடங்கியது. பெறாதே என்றால் அடங்கியதாகத் தோன்றிய ஜனம், பெறு என்றால் ஏன் அடங்கவில்லை? வாழ்க்கை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் சர்க்கார் கட்டளையிட்டால் கட்டளை பலித்தது போலத் தெரியும். எதிர்ப்பக்கம் கட்டளையிட்டால்தான் அதன் சாயம் தெரியும்.

சொல்லிப் பார்த்தால் கேட்கவில்லை. சட்டம் போட்டுப் பெறவைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. அதையும் ஒரு தேசம் செய்து பார்த்தது. 1966இல் ருமேனியாவின் சர்வாதிகாரி செளஷெஸ்கு கருக்கலைப்பைத் தடைசெய்தான். அடுத்த வருஷம் பிறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. ஆஹா என்றார்கள். பிறகு பெண்கள் திருட்டு வழிகளைத் தேடினார்கள். பிறப்பு மறுபடி இறங்கியது. திருட்டு வழிகளில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் செத்தார்கள். வேண்டாமல் பிறந்த பிள்ளைகள் அநாதை இல்லங்களில் குவிந்தன. 1989 டிசம்பரில் அவன் வீழ்ந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்த உலகம், கட்டிலில் கட்டப்பட்ட குழந்தைகளைக் கண்டு கூசியது. புதிய அரசாங்கம் முதலில் செய்த காரியங்களில் ஒன்று அந்தச் சட்டத்தை நீக்கியது.

எதிர்த் திசையில் நாமும் ஒரு பாவம் செய்திருக்கிறோம். அவசர நிலையின்போது, 1976-77இல், ஒரே வருஷத்தில் எண்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவை செய்தோம். அவர்களில் எத்தனையோ பேர் மனசாரச் சம்மதித்தவர்கள் அல்லர். பெரும்பாலும் ஆண்கள். ஆண்கள் கத்திக்கு ஆளானதும் என்ன நடந்தது? ஆட்சியே கவிழ்ந்தது. அதிலிருந்து எல்லா அரசாங்கங்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டன: ஆண் பக்கம் போகாதே. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தம்பதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை மனைவி செய்துகொண்டது நூற்றுக்கு 38. கணவன் செய்துகொண்டது ஆயிரத்துக்கு மூன்று. குறைக்கவேண்டும் என்றாலும் அவள் வயிறு. கூட்டவேண்டும் என்றாலும் அவள் வயிறு. அது என்ன, நகரசபைக் குழாயா, வேண்டும்போது திறப்பதற்கும் வேண்டாதபோது மூடுவதற்கும்?

எதிர்க்கட்சிக்காரர்களின் பலமான வாதத்தை நான் மறைக்கவில்லை. ‘தலை குறைந்தால் பார்லிமெண்டில் இடம் குறையுமே?’ என்கிறார்கள். வாஸ்தவமான கவலை. 1962இல் நமக்கு 41 இடங்கள். 1967இல் 39 ஆயிற்று. இன்னும் குறையாமல் இருக்க 1976இல் 42ஆவது திருத்தமும் 2001இல் 84ஆவது திருத்தமும் இடங்களை 1971 கணக்கில் நிறுத்திவைத்தன. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும் என்று கெடு வைத்தன. 1951இல் நாம் மூன்று கோடி. 2011இல் ஏழு கோடியே இருபத்தொரு லட்சம். ஆகவே நாம் குறைந்துவிடவில்லை, பெருகியிருக்கிறோம். ஆனால் 1951இல் தேசத்தில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் நாம். 2011இல் நூற்றுக்கு ஆறு. ஆள் குறைவது வேறு, பங்கு குறைவது வேறு.

இந்தப் பங்கைப் பிள்ளை பெற்று மீட்க முடியுமா? முடியாது. வடக்கே ஜனம் இளமையானது. பீகாரில் இன்றே ஒவ்வொரு தம்பதியும் இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும், பெறும் வயதில் இருக்கிறவர்கள் அத்தனை பேர் இருப்பதால், இன்னும் பல வருஷங்களுக்கு அங்கே ஜனத்தொகை ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிற ரயிலை நிறுத்தினால் அது கொஞ்ச தூரம் ஓடித்தானே நிற்கும்? அந்த ரயிலோடு நம் பெண்களை ஓடவிடச் சொல்லுகிறீர்களா? சொன்ன பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் குறைத்த மாநிலத்துக்குத் தண்டனையா என்று கேளுங்கள்; நியாயமான கேள்வி. அதைச் சட்டசபையில் கேளுங்கள், பார்லிமெண்டில் கேளுங்கள், கோர்ட்டில் கேளுங்கள். அரசியல் சாசனத்தில் தீர்க்கவேண்டிய வழக்கைப் பிரசவ அறையில் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

ஜாதிக்காரரும் மதக்காரரும் சொல்லும் கணக்கு இதைவிட மோசம். ஒவ்வொரு ஜாதிச் சங்கமும் தன் பெண்களை நாலு பெறச் சொன்னால், எல்லாரும் நாலு பெற்ற பிறகு விகிதம் பழையபடியே இருக்கும். அரிசி விலைதான் ஏறியிருக்கும். ‘அவர்கள் பெருகுகிறார்கள்’ என்று அண்டை வீட்டு முஸ்லிமைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. இந்தியா முழுவதும் முஸ்லிம் பெண்களின் சராசரி 1992-93இல் 4.4, 2019-21இல் 2.4. இந்துப் பெண்களின் சராசரி 3.3லிருந்து 1.9. இரண்டு படிகளும் கீழ்நோக்கித்தான் இறங்குகின்றன; அந்தப் பக்கம் இன்னும் வேகமாக இறங்குகிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் போகிற இடத்தில் மதம் பார்த்து வேலை செய்வதில்லை.

மூன்று வாசல்கள் என்றேனே, மூன்றாவது வாசலைப் பார்க்க நம் பிரமுகர்களுக்கு மனசு இல்லை. திருப்பூர் பனியன் ஆலைகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் ஒடிசாக்காரனும் பீகார்க்காரனும் வேலை செய்கிறான். அவனைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். அவனை இருபது வருஷம் சோறு போட்டு வளர்த்தவள் எங்கேயோ ஒரு தாய். நாம் ஒரு பிடி அரிசி போடவில்லை. வளர்ந்த ஆளாக வந்து நம் வீட்டுச் சுவரைப் பூசுகிறான். நாமும் ஒரு காலத்தில் இப்படித்தான் போனோம். இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் பர்மா நெல்லுக்கும் போனவர்கள் நம் பாட்டன்மார். பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் நமக்கு என்ன மரியாதை வேண்டும் என்று கேட்டோமோ அதை வந்தவனுக்குக் கொடுத்து, அவன் பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தால் தமிழுக்கு ஆள் குறையாது. தமிழ் ரத்தத்தில் ஓடுவதில்லை, நாக்கில்தான் ஓடுகிறது.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? உண்டு. நான் படித்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் என் வகுப்பில் மட்டும் நாற்பது பேர். இன்று பள்ளி முழுவதும் சேர்த்து அத்தனை பேர் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீட்டில் ஒரு கிழவியும் ஒரு டெலிவிஷனும். 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயது கடந்தவர்கள். 2031இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை, அதுவும் வெளிநாட்டில். அந்தக் கிழவிக்கு யார் வென்னீர் வைப்பது? இதுதான் மெய்யான கேள்வி. இதற்கு ‘நாலு பெறு’ என்பது பதில் ஆகுமா? நாலு பெற்றவள் நாலு பிள்ளைகளின் வாசலிலும் மாறி மாறி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நடக்க முடியாதவர்களைக் கவனிக்க ஊருக்கு ஒரு ஏற்பாடு, மானத்தோடு சாப்பிடப் போதுமான முதியோர் பணம், வேலைக்குப் போகும் தாய்க்கு நம்பி விடக்கூடிய குழந்தைக் காப்பகம், பிரசவ லீவு எடுத்தவளின் நாற்காலி அவளுக்காகக் காத்திருக்கும் என்ற உறுதி, வாங்கும் சம்பளத்துக்குள் அடங்குகிற வாடகை, ஆணுக்கு அடுக்களைப் பழக்கம். இவை எல்லாம் அமைப்பைத் திருத்துகிற வேலைகள். இவற்றைச் செய்தால் இரண்டாவது வேண்டும் என்று ஏங்குகிறவள் பெற்றுக்கொள்வாள். வேண்டாம் என்கிறவள் விட்டுவிடுவாள். இரண்டும் அவள் இஷ்டம்.

இது புதுசாக நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. 1930ஐ ஒட்டிய வருஷங்களில் கர்ப்பத்தடை பற்றித் தேசத்தில் பெரிய விவாதம் நடந்தது. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்க மாது வார்தாவுக்கே வந்து காந்தியடிகளோடு வாதாடினார். செயற்கை முறைகள் வேண்டாம், பிரமசரியம் போதும் என்றார் காந்தி. வேறு பலர் தேசத்தின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள். பெரியார் மட்டும், நாங்கள் கேட்பது அதற்காக அல்ல, பெண்ணின் சுதந்திரத்துக்காக என்று ‘குடி அர’சில் எழுதினார். அன்று அது முரட்டு வாதமாகத் தோன்றியிருக்கும். இன்று யோசித்தால் அவர் ஒருவர் வாதம்தான் பழசாகாமல் நிற்கிறது. தேசத்தின் வறுமைக்காகக் குறை என்றவர்கள், தேசத்தின் வளத்துக்காகக் கூட்டு என்று இன்று சொல்லவேண்டியதாயிற்று. அவள் இஷ்டத்துக்காக என்றவர் எதையும் மாற்றிச் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஆச்சி பெரியாரைப் படித்தவள் அல்லள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. செவ்வாய் வெள்ளி தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். பண்பாட்டுக் காவலர்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள விரும்புகிற பாட்டி. என் அம்மாவுக்கு மூன்றாவது பிரசவம் ஆனபோது, ‘போதும், ஆபரேஷன் பண்ணிக்கிடட்டும்’ என்று மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டவள் அவள்தான். தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து வழிமறித்தாராம். இன்னும் ஒன்று ஆம்பிளையாகப் பிறந்தால் வீட்டுக்கு நல்லது, குலம் தழைக்கும் என்றாராம். ஆச்சி படியில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னதை அம்மா எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

“பெத்தது நான். எனக்குத் தெரியும். நீங்க செத்த சும்மா இருங்க.”

அந்தக் கலியாண மேடையில் பதினோரு பேரையும் பார்த்து இதைச் சொல்ல அன்றைக்கு ஆச்சி இல்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.